மென்பொருள் ஒரு ‘பொருளா’? அமெரிக்காவில் வேலை போனவங்களும், அந்த வேலை வந்து சேர்ந்த நாமும்

இந்த எபிசோடை ஒரு கேடி காலில் இருந்து ஆரம்பிக்கிறேன். ஐடியில் இருக்கிறவங்களுக்குக் கேடின்னா தெரியும், நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர். மத்தவங்களுக்காக ஒரு வரி: ஒரு வேலையை இதுவரை பார்த்தவர், இனிமே பார்க்கப் போறவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்துட்டுப் போறது.

2019-ல் நான் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் ப்ராஜெக்டிலேயே ஆறு வாரம் கேடி. அந்தப் பக்கம் அமெரிக்காவில் ஒருத்தர், ஐம்பது வயசைத் தாண்டியவர். அந்த சிஸ்டத்தோட இருபது வருஷத்துக்கு மேல வாழ்ந்தவர். நமக்குச் சாயங்காலம், அவருக்குக் காலை. பொறுமையா, ஒரு கேள்விக்குக் கூட முகம் சுளிக்காம சொல்லிக் கொடுத்தார். கடைசி நாள், “மாசக் கடைசி ஜாப் சில சமயம் ஃபெயில் ஆகும், பயப்படாதே, திரும்ப ஓடவிடு”ன்னார். அடுத்து என்ன பண்ணப் போறீங்கன்னு கேட்டேன். “நாங்க சில பேர் சேர்ந்து லேபர் டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு மனு போட்டிருக்கோம், பார்க்கலாம்”னார். எனக்கு ஒண்ணும் புரியல. “ஆல் தி பெஸ்ட்”னு சொல்லி காலை வெச்சுட்டேன்.

அது என்ன மனுன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் படிச்சேன். டிரேட் அட்ஜஸ்ட்மென்ட் அசிஸ்டன்ஸ், சுருக்கமா டிஏஏ. வெளிநாட்டு வர்த்தகத்தால வேலை போனவங்களுக்கு அமெரிக்க அரசு கொடுத்த உதவி. அதுல கோட் எழுதுறவங்க, கால் சென்டர்ல பேசுறவங்க, கணக்கு பார்க்கிறவங்க எல்லாம் சேர்த்தியா இல்லையாங்கிற சண்டை பல வருஷம் ஓடியிருக்கு. அந்தச் சண்டையில நம்ம ஊர் பேர் அடிக்கடி வரும். எதிர்க்கட்சியா இல்ல, முகவரியா. வேலை போய்ச் சேர்ந்த முகவரி.

முதல்ல, இந்தத் திட்டம் எதுக்கு?

1962. கென்னடி ஜனாதிபதி. டிரேட் எக்ஸ்பான்ஷன் ஆக்ட்னு ஒரு சட்டம் வருது. இறக்குமதி வரியைக் குறைச்சா நாட்டுக்கு மொத்தத்துல லாபம். ஆனா அந்த லாபம் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமா பிரியும், நஷ்டம் மட்டும் சில பேர் தலையில மொத்தமா விழும். ஒரு ஊரு, ஒரு ஃபேக்டரி, அங்க வேலை பார்த்த ஐநூறு குடும்பம். நாடு எடுத்த முடிவுக்கு அவங்க மட்டும் ஏன் விலை கொடுக்கணும்? அதனால அவங்களுக்குத் தனியா உதவின்னு முடிவாச்சு. தொழிற்சங்கங்கள் வர்த்தகத் திறப்பை ஏத்துக்கிட்டதுக்கு இந்த வாக்குறுதியும் ஒரு காரணம்.

வாக்குறுதி நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா தகுதி விதிகள் எவ்வளவு இறுக்கம்னா, 1969 வரைக்கும் ஒரு தொழிலாளர் குழுவுக்குக் கூட உதவி கிடைக்கல. ஏழு வருஷம், பூஜ்யம். அப்புறம் 1974-ம் வருஷத்து டிரேட் ஆக்ட் விதிகளைத் தளர்த்துச்சு. இன்னைக்கு நாம பேசுற டிஏஏ அந்தச் சட்டத்துல நிக்குது.

கிடைக்கிறது என்னன்னும் சொல்லிடறேன். 2015 விதிகள்படி, சான்று கிடைச்சா புதுத் தொழில் படிக்கப் பணம். படிக்கிற காலத்துல வாரா வாரம் உதவித்தொகை. சாதாரண வேலையிழப்பு உதவித்தொகையோட சேர்த்து 130 வாரம் வரைக்கும் போகும். வேற ஊர்ல வேலை தேட, வீடு மாத்த ஒரு தொகை. ஐம்பது வயசுக்கு மேல இருந்து, குறைஞ்ச சம்பளத்துக்கு வேற வேலைக்குப் போனா, பழைய சம்பளத்துக்கும் புது சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசத்துல பாதி. ரெண்டு வருஷத்துல அதிகபட்சம் 10,000 டாலர், புது சம்பளம் வருஷத்துக்கு 50,000 டாலருக்கு மேல போகக்கூடாது. ஒரே நாள்ல வாழ்க்கை கவிழ்ந்தவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்ல.

மாட்டிக்கிட்ட ஒரு வார்த்தை

இப்போ விஷயத்துக்கு வருவோம். 1974 சட்டத்துல ஒரு வார்த்தை இருக்கு: ‘ஆர்ட்டிகிள்’. பொருள். உங்க கம்பெனி ஒரு பொருளைத் தயாரிக்கணும். அதே மாதிரிப் பொருள் வெளிநாட்டுல இருந்து இறக்குமதி ஆகி, அது உங்க வேலை போனதுக்கு முக்கியக் காரணமா இருக்கணும். அப்போதான் தகுதி.

1974-ல இது யாருக்கும் உறுத்தல. இறக்குமதின்னா கப்பல்ல வர்ற டிவி, இரும்பு, செருப்பு. வேலை போறதுன்னா ஃபேக்டரி மூடுறது. ஒரு ஆள் பார்க்கிற ‘சேவை’ கடல் தாண்டிப் போகும்னு அப்போ யார் நினைச்சாங்க? முடி வெட்டுறதை இறக்குமதி பண்ண முடியுமா?

அப்புறம் கடலுக்கு அடியில கேபிள் வந்துச்சு. 2000-ஐ ஒட்டி நம்ம ஊர்ல டைடல் பார்க் வந்துச்சு. அந்தப் பக்கம் ப்ரோக்ராமர்களுக்கு வேலை போக ஆரம்பிச்சுது. அவங்க மனு போட்டாங்க. பதில்: “உங்க கம்பெனி பொருள் எதுவும் தயாரிக்கல. நிராகரிக்கிறோம்.”

தொழிலாளர் துறையோட வாதத்தைக் கொஞ்சம் கவனிங்க. மென்பொருள் சிடி மாதிரி கையில தொடுற ஒண்ணுல பதிஞ்சு வந்தா அது பொருள். அதே கோட் நெட்டுல வந்தா பொருள் இல்ல. சுங்கக் கட்டணப் பட்டியல்ல அதுக்கு இடம் இல்லைன்னு காரணம். அதாவது ஒரே ஃபைல், ஒரே பைட்டுகள். டெலிவரி பண்ற வழியை வெச்சு, அதை எழுதினவனுக்கு உதவி உண்டு, இல்லைன்னு முடிவு.

தமிழ்ல யோசிச்சா இதுல ஒரு வேடிக்கை இருக்கு. நாம அதுக்கு வெச்ச பேரே மென்‘பொருள்’. நம்ம ஆளுங்க பேர் வைக்கும்போதே தீர்ப்பு எழுதிட்டாங்க!

கோர்ட் என்ன சொல்லுச்சு?

இதை எதிர்த்துச் சில பேர் நியூயார்க்ல இருக்கிற பன்னாட்டு வணிக நீதிமன்றத்துக்குப் போனாங்க. அதுல முக்கியமானது கம்ப்யூட்டர் சயின்சஸ் கார்ப்பரேஷனோட முன்னாள் ஊழியர்கள் போட்ட வழக்கு. கனெக்டிகட் மாநிலம் ஈஸ்ட் ஹார்ட்ஃபோர்டுல நிதித்துறைக்கான மென்பொருள் வேலை பார்த்தவங்க. அந்த வேலை இந்தியாவுக்கு நகர்ந்துச்சு. ஆமா, நம்ம பக்கம்தான்.

பொருள்னா அது கையில தொடுற ஒண்ணுல பதிஞ்சிருக்கணும்னு சட்டத்துல எங்கேயும் எழுதலையேன்னு 2006 ஜனவரியில நீதிமன்றம் கேட்டுச்சு. அந்த வருஷம் ஏப்ரல்ல தொழிலாளர் துறை கொள்கையை மாத்திக்கிச்சு. மென்பொருள் எந்த வழியா வந்தாலும் பொருள்தான்னு ஏத்துக்கிட்டாங்க.

ஜெயிச்சாச்சுன்னு நினைச்சா, இன்னும் ரெண்டு கதவு பூட்டி இருந்துச்சு.

ஒண்ணு, மென்பொருள் எழுதினவங்களுக்கு மட்டும்தான் இந்தத் தீர்ப்பு உதவுச்சு. அதே பில்டிங்ல வாடிக்கையாளர் கால் எடுத்தவங்க, கிளெய்ம் ப்ராசஸ் பண்ணினவங்க, சர்வர் பராமரிச்சவங்க எந்தப் பொருளைத் தயாரிச்சாங்க? அவங்க அப்பவும் வெளியிலதான்.

ரெண்டு, 2002 விதிகள்படி உற்பத்தி எந்த நாட்டுக்குப் போச்சுங்கிறதும் முக்கியம். மெக்சிகோ மாதிரி அமெரிக்காவோட தடையற்ற வணிக ஒப்பந்தம் போட்ட நாட்டுக்குப் போயிருந்தா, போனதுங்கிறதே போதும். சில வரிச்சலுகைத் திட்டங்கள்ல இருந்த நாடுகளுக்கும் அப்படித்தான். இந்தியாவும் சீனாவும் அந்தப் பட்டியல்ல இல்ல. அங்க போச்சுன்னா, அந்தப் பொருளோட இறக்குமதி அதிகமாச்சு, இல்ல அதிகமாகப் போகுதுன்னு கூடுதலா நிரூபிக்கணும். வேலை எந்த நாடுகளுக்கு அதிகமாப் போச்சோ, அந்த நாடுகளுக்கே கூடுதல் பூட்டு.

2009: கதவு திறந்துச்சு

2008 நெருக்கடிக்கு அப்புறம் ஒபாமா வந்தவுடனே பெரிய மீட்பு நிதிச் சட்டம் ஒண்ணு வந்துச்சு. 2009 பிப்ரவரி 17-ல கையெழுத்து. அதுக்குள்ளேயே டிஏஏ-வோட புது வடிவமும் இருந்துச்சு. 2009 மே 18-ல இருந்து அமல்.

இதுல மூணு பெரிய மாற்றம். முதலாவது, ‘பொருள்’ இருந்த இடத்துல ‘பொருள் அல்லது சேவை’. ரெண்டாவது, எந்த நாட்டுக்குப் போனாலும் சரி. மூணாவது எனக்கு ரொம்ப சுவாரசியம்: கம்பெனி தன்னோட சொந்த வெளிநாட்டுக் கிளைக்கு வேலையை அனுப்பினாலும் சரி, அந்தச் சேவையை வெளிநாட்டுல வேற கம்பெனிகிட்ட வாங்கினாலும் சரி, ரெண்டும் கணக்கு. அவுட்சோர்சிங்கும் உள்ள வந்தாச்சு. சிறுசேரியில இருக்கிற ஒரு வெண்டர்கிட்ட வேலை கொடுத்தாங்கன்னா, அந்தப் பக்கம் வேலை போன சப்போர்ட் எஞ்சினியர் இப்போ மனு போடலாம்.

மனு போட வக்கீல் தேவையில்லை. ஒரே இடத்துல வேலை பார்த்த சில பேர் சேர்ந்தாலே போதும். சங்கமோ, கம்பெனியோ, மாநில வேலைவாய்ப்புத் துறையோ கூடப் போடலாம். வேலை போன ஒரு வருஷத்துக்குள்ள போடணும். துறை கம்பெனிகிட்ட ரகசியமா விவரம் கேட்டு விசாரிக்கும். சட்டப்படி 40 நாள்ல முடிவு சொல்லணும். சான்று கிடைச்சா மனு போட்டவங்களுக்கு மட்டும் இல்ல, அந்தப் பிரிவுல வேலை போன எல்லாருக்கும் பொருந்தும். இடத்துலயே இருந்து வேலை பார்த்த கான்ட்ராக்ட் ஆட்களையும் பல சான்றுகள்ல சேர்த்திருக்காங்க. ஒரு கம்பெனிக்குள்ள யார் யாரை நம்ம ஆளுன்னு ஒத்துக்கிறாங்கங்கிறது நம்ம ஊர் கான்ட்ராக்ட் பசங்களுக்கு நல்லாத் தெரியும். அந்த வகையில இது பெரிய விஷயம்.

ஆன், ஆஃப், ஆன், ஆஃப்

எஞ்சினியர்களுக்குப் புரியுற மாதிரி சொல்றேன். சேவைத் தொழிலாளர் தகுதியை அமெரிக்க காங்கிரஸ் சட்டத்துல நிரந்தரமா மெர்ஜ் பண்ணல. ஃபீச்சர் ஃபிளாகா வெச்சிருந்துச்சு. எக்ஸ்பயரி தேதியோட. வரிசையா கேளுங்க.

2009 மே: ஆன்.
2011 பிப்ரவரி: காலாவதி. பழைய விதிக்குத் திரும்பியாச்சு. சேவை வெளியே.
2011 அக்டோபர் 21: கொரியா, கொலம்பியா, பனாமா ஒப்பந்தங்களோட சேர்த்துப் பேரம் பேசி மறுபடியும் ஆன்.
2014 ஜனவரி 1: ஆஃப்.
2015 ஜூன் 29: மறுபடியும் ஆன்.
2021 ஜூலை 1: ஆஃப். சேவை வெளியே, இந்தியா மாதிரி நாடுகளுக்கு மறுபடியும் கூடுதல் பூட்டு.
2022 ஜூலை 1: மொத்தத் திட்டமுமே நின்னுபோச்சு. ஏற்கெனவே சான்று வாங்கினவங்களுக்கு உதவி தொடரும். புது மனுவுக்குச் சான்று கொடுக்கத் துறைக்கு அதிகாரம் இல்ல. ஃபேக்டரி ஆளுக்கும் இல்ல, கோட் எழுதுற ஆளுக்கும் இல்ல.

நடுவுல நிராகரிக்கப்பட்ட மனுக்களை, சட்டம் திரும்ப வந்தப்போ மறுபரிசீலனை பண்ணினாங்க. நல்ல விஷயம்தான். ஆனா ஒரு வருஷத்துக்கு அப்புறம் “உங்களுக்குத் தகுதி உண்டு”ன்னு கடிதம் வந்தா, அதுக்குள்ள அந்த ஆள் வீட்டுக் கடனுக்கு என்ன பண்ணியிருப்பார்?

இதோட அர்த்தம் என்னன்னா, ரெண்டு பேர், ஒரே வேலை, ஒரே காரணம். ஒருத்தர் 2021 ஜூன்ல மனு போட்டார், அவருக்குத் தகுதி இருக்கு. இன்னொருத்தர் ஜூலையில போட்டார், இல்ல. அவங்களுக்கு நடந்த நஷ்டத்துல ஒரு வித்தியாசமும் கிடையாது. காலண்டர்ல மட்டும்தான் வித்தியாசம்.

இது உண்மையிலேயே உதவுச்சா?

நியாயமான கேள்வி. 2012-ல வெளியான, அரசுக்காக மேத்தமேட்டிக்கா நிறுவனம் பண்ணின மதிப்பீடு, முதல் நாலு வருஷத்துல டிஏஏ எடுத்தவங்க வருமானம் ஒப்பிட்ட மத்தவங்களைவிடக் குறைவுன்னு சொல்லுச்சு. எதிர்க்கிறவங்க இதைத்தான் காட்டினாங்க. அப்புறம் 2018-ல பெஞ்சமின் ஹைமன்ங்கிற பொருளாதார ஆய்வாளர் வேற மாதிரி பார்த்தார். மனுவை விசாரிக்கிற அதிகாரிகள்ல சிலர் தாராளம், சிலர் கறார். யார் கையில உங்க ஃபைல் போகுதுங்கிறது கிட்டத்தட்ட அதிர்ஷ்டம். அதை வெச்சு ஒப்பிட்டப்போ, டிஏஏ பயிற்சி கிடைச்சவங்க பத்து வருஷத்துல மொத்தமா சுமார் 50,000 டாலர் கூடுதலா சம்பாதிச்சிருக்காங்க. ஆனா அந்த ஆதாயம் வருஷம் போகப் போகக் குறையுது.

ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா எனக்குப் புரியுறது இதுதான்: படிக்கப் போனவன் முதல் ரெண்டு வருஷம் சம்பாதிக்க மாட்டான். அப்போ கணக்கு பார்த்தா நஷ்டமாத்தான் தெரியும். கொஞ்சம் தள்ளி நின்னு பார்க்கணும். அதே நேரம் ஒரு பயிற்சி ஆயுசுக்கும் சோறு போடாது.

இன்னொரு விமர்சனமும் இருக்கு. அதை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். வேலை சென்னைக்குப் போனா உதவி, அதே வேலையை ஒரு ஸ்கிரிப்ட் பார்த்தா உதவி இல்ல. ஏன்? வேலை போனவன் வீட்டுல அடுப்பு எரியாததுக்கு ரெண்டும் ஒண்ணுதானே? இப்போ ஏஐ பத்தி நாம பேசுற பேச்சுல இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகுது. காரணத்தை நிரூபிச்சாத்தான் உதவின்னு வெச்சா, நிரூபிக்க முடியாதவன் எப்பவும் வெளியில நிப்பான்.

நம்ம பக்கம் என்ன இருக்கு?

இப்போ கேமராவைத் திருப்புவோம். நாளைக்கு நம்ம வேலை வேற நாட்டுக்குப் போனா? வர்த்தகத்தால வேலை போச்சுன்னு தனியா டிஏஏ மாதிரி ஒரு திட்டம் நமக்குக் கிடையாது. நமக்கு இருக்கிறது தொழிலாளர் சட்டம். அங்கேயும் ஒரு வார்த்தைதான் வாசல்ல நிக்குது. அமெரிக்காவுல ‘பொருள்’, இங்க ‘தொழிலாளி’.

1947-ம் வருஷத் தொழில் தகராறு சட்டப்படி, ஆள்குறைப்பு பண்ணினா ஒரு மாச நோட்டீஸும், முடிச்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளமும் கொடுக்க வேண்டியிருந்துச்சு. ஆனா அது ‘தொழிலாளி’க்கு. மேனேஜர் வேலை பார்த்தவர் அதுல வரல. ஐடி ஆளுங்க இதுல வருவாங்களான்னு ரொம்ப நாள் குழப்பம். 2016-ல தமிழ்நாடு அரசு, ஐடி ஊழியர்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும், அவங்க சங்கம் வைக்கத் தடை இல்லைன்னு தெளிவுபடுத்துச்சு.

2025 நவம்பர் 21-ல அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்புல புதுசா ஒண்ணு இருக்கு: மறுதிறன் நிதி. ஆள்குறைப்பு ஆன தொழிலாளியோட 15 நாள் சம்பளத்துக்குச் சமமான தொகையை முதலாளி அதுல போடணும். ஆள்குறைப்பு ஆன 45 நாளுக்குள்ள அது தொழிலாளி கணக்குக்கு வரணும். 130 வாரத்தோட இந்த 15 நாளை நீங்களே ஒப்பிட்டுக்கோங்க. அதுலயும் தகுதி யாருக்குன்னா, மறுபடி அதே ‘தொழிலாளி’ங்கிற வரையறை. மேற்பார்வை வேலையில மாசம் 18,000 ரூபாய்க்கு மேல வாங்கினா வெளியே.

அதனால ஒரு வேலை சொல்றேன். உங்க ஆஃபர் லெட்டரை எடுங்க. ‘அசோசியேட் மேனேஜர்’, ‘டீம் லீட்’னு போட்டிருந்தா சந்தோஷப்பட்டு ஸ்டேட்டஸ் வெச்சிருப்பீங்க. நீங்க நிஜமா யாரையாவது மேனேஜ் பண்றீங்களா, லீவு கொடுக்கிற அதிகாரம் இருக்கா, இல்ல நாள் முழுக்க டிக்கெட் மூடுறீங்களா? சட்டத்துக்கு முக்கியம் பதவிப் பேர் இல்ல, நீங்க பார்க்கிற வேலை. வேலை போற அன்னைக்கு ராஜினாமா கடிதத்துல கையெழுத்து கேட்டா, அதுக்கு முன்னாடி ஒரு தொழிலாளர் வக்கீலைப் பாருங்க. ராஜினாமா வேற, ஆள்குறைப்பு வேற.

முடிக்கிறேன். அந்தக் கேடி கொடுத்தவர் மனு போட்டது 2019. அப்போ ஃபிளாக் ஆன்ல இருந்துச்சு. சேவையும் உண்டு, இந்தியாவும் உண்டு. ஐம்பதைத் தாண்டினவர்ங்கிறதால அந்தச் சம்பள வித்தியாசத் தொகைக்கும் வழி இருந்திருக்கும். சட்டப்படி அவருக்கு வாய்ப்பு இருந்துச்சுன்னு இப்போ என்னால சொல்ல முடியும். கிடைச்சுதான்னு தெரியாது. அந்த ஆறு வாரத்துல அவர்கிட்ட நூறு கேள்வி கேட்டிருப்பேன். எல்லாம் சிஸ்டத்தைப் பத்தி.

மாசக் கடைசி ஜாப் அப்புறமும் ஃபெயில் ஆச்சு. பயப்படல, திரும்ப ஓடவிட்டேன்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம். உங்க டீம்ல யாராவது இப்போ கேடி கொடுத்துட்டு இருந்தா, கால் முடிஞ்சதும் ரெண்டு நிமிஷம் அவங்களோட பேசுங்க.